பொழுதுபோகுமுன்னே கூலி: உபாகமம் 24:14-15 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்த வசனம் என்ன சொல்கிறது?

"உன் சகோதரரிலும், உன் தேசத்தின் வாசல்களிலுள்ள அந்நியரிலும் ஏழையும் எளிமையுமான கூலிக்காரனை ஒடுக்காயாக. அவன் வேலைசெய்த நாளில்தானே, பொழுதுபோகுமுன்னே, அவன் கூலியை அவனுக்குக் கொடுத்துவிடவேண்டும். அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான். அதைக் கொடாவிட்டால் அவன் உன்னைக் குறித்துக் கர்த்தரை நோக்கி முறையிடுவான். அது உனக்குப் பாவமாயிருக்கும்."

மோவாப் தேசத்தில், யோர்தானைக் கடப்பதற்கு முன் மோசே ஜனங்களுக்குச் சொன்னவற்றில் ஒன்று இது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அன்றைக்குச் சொந்த நிலம் கிடையாது. கூலிக்கு ஆள் வைக்கிற நிலையிலும் அவர்கள் இல்லை. முதலாளி ஆவதற்கு முன்பே முதலாளிக்கான சட்டம் அவர்கள் கைக்கு வந்துவிட்டது.

நாளைக்குக் கொடுத்தால் என்ன? பணம் எங்கே ஓடிவிடப் போகிறது?

கூலி பாக்கியைப் பற்றிப் பேசினாலே முதலில் வருகிற பதில் இதுதான். அந்தக் காலத்தில் கூலிக்காரன் வீட்டில் குதிரில் தானியம் இருக்காது. அன்றைய கூலியில்தான் அன்றைய மாவு. அதே அதிகாரத்தின் 6-ஆம் வசனம், மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கக்கூடாது, அது ஜீவனையே அடகு வாங்குவதற்குச் சமம் என்கிறது. கல்லை எடுத்துக்கொண்டால் மாவு இல்லை. கூலியை நிறுத்தினால் அரைக்க தானியம் இல்லை.

யூத அறிஞர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டார்கள், அவர்களுடைய சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்தில் இருக்கிறது: இந்த மனிதன் எதற்காக ஏணியில் ஏறினான், எதற்காக மரத்தில் தொங்கினான், எதற்காகச் சாவுக்கு உடலைக் கொடுத்தான்? உன்னிடம் வாங்கப்போகும் கூலிக்காகத்தானே? பேரீச்ச மரத்தில் ஏறுகிறவர்களை நினைத்துக் கேட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. நம் ஊர்ப் பனையேறிகளுக்கும், மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்று பெயின்ட் அடிப்பவர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

கட்டட வேலை நடக்கும் எந்தத் தெருவிலும் சனிக்கிழமை சாயங்காலம் போய் நின்று பாருங்கள். சித்தாள் வேலைக்கு வந்த அம்மா கைகால் கழுவி, புடவை மாற்றி, சாப்பாட்டுத் தூக்கைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டருகே நிற்பார். மேஸ்திரி போனில் பேசிக்கொண்டே, "ஓனர் இன்னும் அனுப்பலம்மா, திங்கக்கிழமை சேத்து வாங்கிக்குங்க" என்பார். அந்த அம்மா எதிர்த்துப் பேசமாட்டார். பேசினால் திங்கட்கிழமை வேலை இருக்காது. அங்கிருந்து வீடு போகும் வழியில் மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தண்டல்காரர் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஓனருக்கு அது இரண்டு நாள் தாமதம். அந்த அம்மாவுக்கு அது வட்டி, அதோடு அவமானம்.

கடைசியில் கொடுத்துவிட்டால் பாவம் எங்கே வருகிறது?

கொடுக்காமலே ஏமாற்றுவது தனிக் குற்றம். இந்த வசனம் பேசுவது தாமதத்தைப் பற்றி. லேவியராகமம் 19:13 இன்னும் கறாராக, "பிறனை ஒடுக்காமலும் கொள்ளையிடாமலும் இருப்பாயாக" என்று தொடங்கி, கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று முடிக்கிறது. கொள்ளையும் ஓர் இரவுத் தாமதமும் அங்கே ஒரே வசனத்தில் இருக்கின்றன.

ஒன்று "பொழுதுபோகுமுன்" என்கிறது, மற்றது "விடியற்காலம்மட்டும்" என்கிறது, எது சரி என்று கேட்பவர்களும் உண்டு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா இரண்டையும் இணைத்து ஒரு கணக்குப் போட்டது. பகலில் வேலை செய்தவன் அந்த இரவு முழுவதும் கூலி கேட்கலாம். இரவில் வேலை செய்தவன் மறுநாள் பகல் முழுவதும் கேட்கலாம். அதற்கு மேல் இழுத்தால் கட்டளை மீறல்.

பழைய இஸ்ரவேலில் இதையெல்லாம் யாராவது கடைப்பிடித்தார்களா?

கடைப்பிடிக்காதவர்களைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரியும். சட்டம் மீறப்படும்போதுதானே அது எழுத்தில் பதிவாகிறது.

1960-ல் இஸ்ரேலின் மத்தியதரைக் கடற்கரையோரம், யவ்னே-யாமுக்குச் சற்றுத் தெற்கே ஒரு சிறு கோட்டையின் இடிபாடுகளில் உடைந்த பானை ஓடு ஒன்று கிடைத்தது. அந்தக் கோட்டையை இப்போது மெசாத் ஹஷவ்யாஹு என்கிறார்கள். ஓட்டில் மையால் எழுதிய எபிரெய மனு. காலம் கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, ஏறக்குறைய யோசியா ராஜாவின் நாட்கள். மனுதாரர் அறுப்பு அறுக்கிற ஒரு கூலியாள். பெயர் இல்லை, "உம்முடைய ஊழியன்" என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறார். அன்றைய அறுப்பை முடித்து, அளந்து, களஞ்சியத்தில் சேர்த்த பிறகும், ஷோபாயின் மகன் ஹோஷயாஹு வந்து தன் மேலாடையைப் பிடுங்கிக்கொண்டான் என்பது புகார். "வெயில் சூட்டில் என்னோடு அறுத்த சகோதரர் எல்லாரும் எனக்காகச் சாட்சி சொல்வார்கள், நான் குற்றமற்றவன், என் ஆடையைத் திருப்பித் தரச் சொல்லும்" என்று கோட்டை அதிகாரியிடம் கேட்கிறார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்: ஆடையை எடுத்துக்கொண்டான், என் ஆடையை எடுத்துக்கொண்டான். எழுத்தர் ஒருவரிடம் அவர் ஆற்றாமையோடு சொல்லச் சொல்ல எழுதியது போலவே இருக்கிறது. ஓட்டின் கடைசிப் பகுதி சிதைந்துவிட்டது.

ஒரு மேலாடைக்கு ஏன் இத்தனை பாடு என்றால், யாத்திராகமம் 22:26-27 பதில் சொல்கிறது. பிறனுடைய வஸ்திரத்தை ஈடாக வாங்கினால் பொழுதுபோகுமுன் திருப்பிக் கொடு, "வேறு எதினாலே போர்த்திப் படுத்துக்கொள்ளுவான்?" பகலில் உடுப்பதும் இரவில் போர்த்துவதும் அந்த ஒரே துணி. மனுவில் எந்த வசனமும் மேற்கோளாக இல்லை. ஆனால் அவர் கேட்பது அந்தச் சட்டம் கொடுக்கச் சொன்னதைத்தான்.

யோசியா இறந்த சில மாதங்களில் பட்டத்துக்கு வந்த அவருடைய மகன் யோயாக்கீம் அரண்மனை கட்டினான். எகிப்தின் பார்வோன் நேகோவுக்கு நூறு தாலந்து வெள்ளியும் ஒரு தாலந்து பொன்னும் தண்டம் கட்டி, ஜனங்களை வரியால் பிழிந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் கேதுருப் பலகை, விசாலமான மேலறைகள், ஜாதிலிங்க வருணப் பூச்சு. வேலை செய்தவர்களுக்குக் கூலி மட்டும் கிடையாது. எரேமியா 22-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி அவனைப் பார்த்து "ஐயோ" என்கிறார். அதோடு விடவில்லை. உன் அப்பாவும் சாப்பிட்டுக் குடித்துத்தானே வாழ்ந்தார், அவர் எளியவனுடைய நியாயத்தை விசாரித்தார், "அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு" என்று கர்த்தர் சொல்கிறார் என்கிறார். கடவுளை அறிவது என்றால் என்ன என்று வேதம் முழுவதும் தேடுபவர்கள் இந்த 16-ஆம் வசனத்தை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

"அந்நியர்" என்று சொல்லியிருப்பது யாரை?

சொந்த நிலமோ, கேட்க ஆளோ இல்லாமல் உன் ஊரில் பிழைக்க வந்தவனை. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒடிசாக்காரர், சென்னை ஓட்டல் அடுப்படியில் மணிப்பூர்ப் பையன் என்று ஊருக்கு ஊர் ஆள் மாறும். "அவனுக்கென்ன தமிழ் தெரியவா போகிறது" என்று கூலியில் கை வைப்பவர்களைக் குறித்துத்தான் வசனம் சகோதரனையும் அந்நியனையும் ஒரே வரியில் நிறுத்துகிறது. வளைகுடாவில் நம் ஆட்கள் சம்பளம் வராமல் மாதக்கணக்கில் தவித்த செய்திகளைப் படித்துக் கொதித்தவர்கள் நாம். கொதிப்பு இந்தப் பக்கமும் வர வேண்டும்.

வேலையைக் கெடுத்துவிட்டான், பொருளை உடைத்துவிட்டான். அதற்கும் கூலியா?

தல்மூத்தில் ஒரு வழக்கு வருகிறது. ராபா என்ற அறிஞரின் திராட்சரசப் பீப்பாயைச் சுமை தூக்குபவர்கள் தூக்கிவரும்போது உடைத்துவிட்டார்கள். நஷ்டத்துக்கு ஈடாக அவர் அவர்களுடைய மேலாடைகளைப் பிடித்துவைத்துக்கொண்டார். அவர்கள் ராவ் என்ற நீதிபதியிடம் போனார்கள்.

"ஆடைகளைக் கொடுத்துவிடு" என்றார் ராவ்.

"இதுதான் சட்டமா?" என்று கேட்டார் ராபா.

"ஆமாம். 'நீ நல்லவர்களின் வழியிலே நட' என்று எழுதியிருக்கிறதே."

ஆடை கைக்கு வந்த பிறகும் சுமைக்காரர்கள் நகரவில்லை. "நாங்கள் ஏழைகள். நாள் முழுக்க உழைத்தோம். பசிக்கிறது. கையில் ஒன்றும் இல்லை" என்றார்கள்.

"போய் அவர்களுடைய கூலியையும் கொடு" என்றார் ராவ்.

"இதுவும் சட்டமா?"

"ஆமாம். 'நீதிமான்களின் பாதைகளைக் காத்துக்கொள்.'" அவர் எடுத்துச் சொன்னது நீதிமொழிகள் 2:20-இன் இரண்டு பாதிகளை.

கேட்கிறவர் சட்டம் படித்த மனிதர், தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்புகிறவர் என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றே செய்த நாசத்துக்கும் இதே தீர்ப்பா என்று கேட்டால், அது வேறு வழக்கு, தனியாக விசாரிக்க வேண்டியது. ஆனால் விசாரிப்பவர் நீங்களாகவே இருக்க முடியாது. டைல்ஸ் கோணலாக ஒட்டிவிட்டார் என்று நாமே குற்றம் சாட்டி, நாமே தீர்ப்பு எழுதி, நாமே அபராதத்தைக் கூலியில் கழித்துக்கொள்கிறோம். இந்தியச் சட்டம்கூட இதை ஏற்பதில்லை. அபராதமோ நஷ்டப் பிடித்தமோ போடுவதற்கு முன் தொழிலாளியிடம் விளக்கம் கேட்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். அவர் ஆட்களுக்குக் கொடுக்காவிட்டால் நான் எப்படிப் பொறுப்பு?

மிகப் பழைய ஓட்டை இது. வீட்டுக்காரர் இன்னொருவரை அனுப்பி, "கூலி அவர் தருவார்" என்று சொல்லி ஆள் பிடித்துவரச் செய்தால், தாமதக் குற்றம் இருவர் மேலும் விழாது என்று தல்மூத்தே ஒப்புக்கொள்கிறது. வீட்டுக்காரர் ஆளை அமர்த்தவில்லை, அமர்த்தியவருக்கு வேலை நடக்கவில்லை. காகிதத்தில் இருவரும் சுத்தம். வேலை செய்தவன் மட்டும் வெறுங்கையோடு நிற்கிறான்.

நம் நாட்டுச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்திருக்கிறது. ஒப்பந்ததாரர் கூலி தரவில்லை என்றால் அவருக்கு வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனமே கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. 1982-இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அரங்கங்களும் மேம்பாலங்களும் கட்டியபோது நடந்ததும் இதுதான். தொழிலாளியின் குறைந்தபட்ச நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. ஆள் பிடித்துவந்த ஜமேதார் தலைக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு வேலை செய்ய நேர்ந்தால் அது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்திருக்கும் கட்டாய உழைப்புதான் என்று நீதிபதி பகவதி அமர்வு அந்த ஆண்டு தீர்ப்பளித்தது. அந்த ஒரு ரூபாயில் தொடங்கிய வழக்கு இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

வீடு கட்டுகிற சாதாரண ஆள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மேஸ்திரியிடம் மட்டும் பேசாமல், சாரத்திலிருந்து இறங்குகிறவரிடம் "கூலி வந்துடுச்சாண்ணே?" என்று கேட்கலாம். பலர் கேட்பதில்லை, பதில் தெரிந்துவிடும் என்பதால்.

முன்பணம் கொடுத்திருக்கிறோம், கழிக்கிறோம். அது கூடவா தப்பு?

முன்பணம் கொடுப்பது உதவிதான், அதைத் திருப்பி வாங்குவதிலும் தப்பில்லை. "கணக்குத் தீரும்வரை வெளியே போகக்கூடாது" என்று சொன்ன நிமிடத்திலிருந்து அது கொத்தடிமை முறை. அதை 1976-இன் சட்டம் ஒழித்துவிட்டது. கடன் பாக்கியும் அதோடு ரத்து. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருந்து குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்டதாகத் தமிழ்நாட்டில் இன்றும் செய்தி வருகிறது. அதே உபாகமம் 24-இல், கடன் கொடுத்தவன் அடகு வாங்கக் கடன்காரன் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும், அவனே எடுத்துவந்து தருவான் என்று இருக்கிறது. பணம் கொடுத்ததால் ஆள் உனக்குச் சொந்தமாகிவிடவில்லை, அவன் வாசற்படி வரைக்கும்தான் உன் உரிமை.

மாதச் சம்பளத்துக்கு இது பொருந்துமா?

பேசிய தேதிதான் கெடு. சட்டத்தில் இதற்குத் தெளிவான கணக்கு உண்டு. 2019-இல் இயற்றி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி நாள் கூலி அந்த ஷிப்ட் முடியும்போது, வாரக் கூலி வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில், மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள். வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள். மோசேயின் "பொழுதுபோகுமுன்னே" டெல்லி நாடாளுமன்றத்தில் "ஷிப்ட் முடியும்போது" ஆகியிருக்கிறது. வீட்டு வேலை செய்யும் அக்காவின் சம்பளம் ஏழாம் தேதி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க மட்டும் எந்த அதிகாரியும் படியேறி வரமாட்டார்.

மத்தேயு 20-இல் முதலாளி தன் இஷ்டப்படி கூலி கொடுத்தாரே?

"என்னுடையதை நான் என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா?" என்ற வரியைப் பிடித்துக்கொண்டு சம்பளத்தைக் குறைப்பவர்கள் உண்டு. உவமையில் பேசியது நாளுக்கு ஒரு பணம். கடைசி ஒரு மணி நேரம் வந்தவருக்கும் அந்த ஒரு பணத்தைக் கொடுக்கத்தான் அவர் இஷ்டத்தைக் காட்டினார். பேசியதில் யாருக்கும் ஒரு காசு குறையவில்லை. அதோடு 8-ஆம் வசனம்: "சாயங்காலத்தில்" கூப்பிட்டுக் கொடுக்கச் சொல்கிறார். அவருடைய தாராளம் தொடங்குவதே கெடு தவறாமல் கொடுத்த பிறகுதான்.

எங்கள் சபையில் ஏழைகளுக்கு நிறையச் செய்கிறோமே?

செய்யுங்கள். கிறிஸ்துமஸுக்குப் புடவை, வேட்டி, அரிசிப் பை எல்லாம் நல்லது. ஆனால் தர்மம் உங்கள் பணத்திலிருந்து போவது. கூலி பாக்கி அவருடைய பணம், உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தர்மம் செய்தால் அவருடைய காசில் நீங்கள் பேர் வாங்குகிறீர்கள். ஆமோஸ் 2:8-இல் வருகிறவர்கள் ஏழைகளிடம் அடகு வாங்கிய வஸ்திரங்களை விரித்து, பலிபீடத்தின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டவர்கள். ஆராதனையைத் தவறவிடாதவர்கள்.

இதில் சபைக்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஆலயத்தைப் பெருக்கி மணி அடிப்பவர், கிராமத்து உபதேசியார், சபை நடத்தும் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. "ஊழியம்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று இவர்களிடம்தான் மிகச் சுலபமாகச் சொல்லப்படுகிறது. கோபுரம் கட்ட லட்சக்கணக்கில் சேர்க்கிற கமிட்டி, மணி அடிப்பவரின் சம்பளத்தை அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குத் தள்ளிவைக்கிறது. யோயாக்கீமாவது தனக்காகக் கட்டினான்.

யாக்கோபு நிருபம் 5:4-இல் ஒரு விசேஷம். அங்கே தொழிலாளி வாய் திறப்பதற்கு முன்பே, பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது. யாருடைய பீரோவில் இருக்கிறதோ அங்கிருந்தே.

வேதமே அடிமைகளை அனுமதித்ததே, அதில் என்ன நீதி?

நேர்மையான கேள்வி. லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் அந்நிய ஜாதியாரை அடிமைகளாக வாங்கி, பிள்ளைகளுக்குச் சுதந்தரமாக விட்டுப்போக அனுமதிக்கிறது. அதைப் பூசி மெழுகத் தேவையில்லை. அதே நியாயப்பிரமாணத்தில் எபிரெய அடிமைக்கு ஏழாம் வருஷ விடுதலையும் இருக்கிறது, எஜமானிடமிருந்து தப்பி வந்தவனைத் திருப்பி ஒப்படைக்கக்கூடாது என்ற கட்டளையும் (உபாகமம் 23:15) இருக்கிறது. இந்த இழுபறி எப்படி முடிந்தது என்பதற்கு எரேமியா 34-ஐப் படியுங்கள். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் உடன்படிக்கை செய்து எபிரெய அடிமைகளை விடுவித்தார்கள். எகிப்தியப் படை வருகிறது என்று கேள்விப்பட்டு பாபிலோனியர் விலகிப் போனார்கள். உடனே விடுவித்தவர்களை மறுபடியும் பிடித்துக்கொண்டார்கள். தீர்க்கதரிசிக்கு வந்த கோபத்தை அந்த அதிகாரத்தில் பார்க்கலாம்.

இஸ்லாத்திலும் இப்படிச் சொல்லியிருக்கிறதாமே?

ஆமாம். தொழிலாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்ற நபிமொழி இப்னு மாஜா தொகுப்பில் இருக்கிறது.

"கர்த்தரை நோக்கி முறையிடுவான்" என்றிருக்கிறது. அப்படியானால் ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானா? புகார் கொடுப்பது விசுவாசக் குறைவா?

கூலி கிடைக்காதவர்கள் இதைக் கேட்டால் மனசு கனக்கிறது, ஏனென்றால் யாரோ அவர்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வசனத்தின் எச்சரிக்கை கொடுக்காதவனுக்கு. வாங்க வேண்டியவனை வாய் மூடச் சொல்ல அதைப் பயன்படுத்தக்கூடாது. பானை ஓட்டு மனுக்காரர் அதிகாரியிடம் போனார், சாட்சிகள் யார் என்றும் சொன்னார். லூக்கா 18-இன் விதவை தேவனுக்குப் பயப்படாத ஒரு நியாயாதிபதியையே ஓயாமல் தொந்தரவு செய்து நியாயம் வாங்கினாள். அதைச் சொன்னவர் இயேசு, அதுவும் சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ண வேண்டும் என்பதற்காக.

எனவே வேலை செய்த தேதிகளை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஜிபேயில் வந்த பணத்தின் பதிவையும் மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள். உடன் வேலை செய்தவர்கள் இருவராவது சேர்ந்து போங்கள். தனியாகப் போகிறவரை மிரட்டுவது சுலபம். மாவட்டத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. புதிய சட்டத் தொகுப்பின்படி பாக்கி விழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கேட்கலாம். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க, ஞாயிறு ஆராதனை முடிந்து அரை மணி நேரம் உட்கார ஒவ்வொரு சபையிலும் ஓர் ஆளாவது கிடைப்பார்.